கடல் கடந்த கண்ணீர்

"ஆலிமா, ஒரு கரையில் ஹராமாக இருப்பது, கப்பல் ஏறி அடுத்த கரைக்குப் போனால் ஹலாலாகி விடுமா?"

அஸர் தொழுகைக்குப் பின் நடக்கும் ஃபிக்ஹு வகுப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. கர்ப்பிணியைத் தாக்கி அவள் கருவைச் சிதைத்தவன் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகையைப் பற்றிய பாடம் அன்று நடந்து கொண்டிருந்தது. 2022ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அந்நாட்டுப் பெண்கள் கருவைக் கலைப்பதற்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பயணம் செய்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறாள். அதைத்தான் கப்பலாகவும் கரையாகவும் மாற்றிக் கேட்டாள். கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளையல்லவா!

"அல்லாஹ்வின் சட்டம் எல்லாக் கரைக்கும் ஒன்றுதான், மகளே" என்று பதில் சொன்னேன். அவள் தலையை அசைத்து அமர்ந்து கொண்டாள். பாடம் அடுத்த வரிக்குச் சென்றது. ஆனால் என் மனம் அடுத்த வரிக்குச் செல்லவில்லை. நான் சொன்ன பதில் சரியானதே. எனினும் அது முழுமையான பதிலன்று என்று உள்ளம் உறுத்திற்று. ஏன் கப்பல் ஏறினாள், யாரோடு ஏறினாள், திரும்பி வந்தவளை யார் வரவேற்றார்கள் என்பதையெல்லாம் அந்தப் பதில் தொடவே இல்லை. அந்த உறுத்தலுக்கு என் வாழ்வில் ஒரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மதரஸாவில் கற்பிக்க வருமுன் கல்லூரியில் வரலாறு பயின்றவள் நான். ஆகவே அன்றிரவு என் நினைவுக்கு வந்தது, அந்த மாணவியின் கேள்வியைப் பல்லாண்டுகள் தன் மடியில் சுமந்திருந்த ஒரு சிறிய நாடு. அதன் பெயர் அயர்லாந்து.

ஒரு தீவு, ஒரு கடல், இரு சட்டங்கள்

அயர்லாந்து பெரும்பான்மையும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் வாழும் நாடு. ஆங்கிலேயர் ஆட்சியில் 1861ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, கருவைக் கலைப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமளித்தது. விடுதலை பெற்ற பிறகும் அயர்லாந்து அச்சட்டத்தைக் கைவிடவில்லை. கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலோ 1967ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, மருத்துவர்களின் ஒப்புதலோடு கருக்கலைப்பு அனுமதிக்கப்பட்டது. அன்று முதல் இரு கரைகளுக்கும் இரு வேறு சட்டங்கள்; இடையே ஓரிரவுக் கப்பல் பயணம்.

தங்கள் நாட்டிலும் அத்தகைய சட்டம் வந்துவிடக் கூடாதே என்று அஞ்சிய அயர்லாந்து மக்கள், 1983ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பொது வாக்கெடுப்பு நடத்தித் தம் அரசியல் சட்டத்திலேயே எட்டாவது திருத்தத்தைச் சேர்த்தார்கள். பிறவாக் குழந்தையின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை உண்டு என்பது அதன் சாரம். வாக்களித்தோரில் 66.9 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். நல்லெண்ணம் கொண்டோர் பலரும் அதற்கு வாக்களித்தார்கள் என்பதில் ஐயமில்லை. வயிற்றில் வளரும் உயிர் மதிப்புக்குரியது என்பதை மறுக்கும் முஸ்லிம் யார் இருக்கிறார்? அந்த மதிப்பைச் சட்டமாக்கிய விதத்தில்தான் சிக்கல் எழுந்தது.

சட்டம் வந்தது, பயணம் நின்றபாடில்லை. டப்ளின் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்ட வண்ணமே இருந்தன. இங்கிலாந்து மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்துக் கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்கள், 2001ஆம் ஆண்டில் மட்டும் 6,673 பேர். 1980 முதல் 2018 வரையில் கணக்கிட்டால் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகம். உண்மையான முகவரியைச் சொல்ல அஞ்சி, இங்கிலாந்தில் வாழும் தோழியின் முகவரியையோ உறவினரின் முகவரியையோ கொடுத்தவர்கள் இந்தக் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

பயணம் மட்டுமின்றிப் பேச்சும் மறைவாகவே நடந்தது. எந்த மருத்துவமனைக்குச் செல்வது, எந்த எண்ணில் தொடர்பு கொள்வது என்று சொல்லித் தருவதையும் அந்நாட்டு நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் தடை செய்திருந்தன. இங்கிலாந்தில் அச்சாகி அயர்லாந்துக்கு வந்த பெண்கள் இதழ் ஒன்று, விளம்பரம் இருக்க வேண்டிய பக்கத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. இலண்டனில் குடியேறியிருந்த அயர்லாந்துப் பெண்கள் சிலர் 1980ஆம் ஆண்டு ஓர் உதவிக் குழுவைத் தொடங்கினார்கள். முகமறியா ஊரில் வந்திறங்கும் பெண் தம்மை அடையாளம் கண்டுகொள்வதற்காக, "சிவப்புப் பாவாடை உடுத்தி நிற்பேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்களாம். கருக்கலைப்பு என்ற சொல்லைத் தொலைபேசியில் உச்சரிக்கவும் அஞ்சி, "இமெல்டா" என்ற ஒரு பெண் பெயரைக் குறிச்சொல்லாக வைத்திருந்தார்கள்.

இதை எண்ணும்போது நம்மூர்ப் பேச்சு வழக்கு என் நினைவுக்கு வருகிறது. நம் பெண்களும் இப்படிப்பட்ட பயணங்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: "சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள்."

பதினான்கு வயதுச் சிறுமி

1992ஆம் ஆண்டு அயர்லாந்தை உலுக்கிய வழக்கு ஒன்று நடந்தது. குடும்பத்துக்கு அறிமுகமான ஒருவனால் கற்பழிக்கப்பட்டுக் கருவுற்றிருந்தாள் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. பெற்றோர் அவளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். குற்றவாளியைத் தண்டிக்க வேண்டுமே என்ற எண்ணத்தில், கலைக்கப்படும் கருவிலிருந்து சான்று எடுக்க இயலுமா என்று காவல் துறையினரைக் கேட்டார்கள். நீதியை நாடி அவர்கள் கேட்ட அந்தக் கேள்வியே அவர்களுக்கு வினையாக முடிந்தது. அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் சென்று தடை வாங்கினார். அவர்கள் நாடு திரும்பினார்கள். ஒன்பது மாதங்களுக்கு அச்சிறுமி நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று உயர் நீதிமன்றம் பிப்ரவரி 17 அன்று ஆணையிட்டது.

சிறுமியோ உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். தெருக்களில் மக்கள் திரண்டார்கள். அவள் உயிருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது என்பதை ஏற்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சிறிது காலத்தில் அவளுக்குக் கரு தானாகவே சிதைந்து போயிற்று.

அதே ஆண்டு நவம்பர் மாதம் மீண்டும் பொது வாக்கெடுப்பு நடைபெற்றது. இம்முறை மக்கள் அளித்த முடிவு விந்தையானது. உள்நாட்டில் தடை நீடிக்கும்; ஆனால் கருக்கலைப்புக்காக வெளிநாடு செல்வதை யாரும் தடுக்கக் கூடாது; அங்குள்ள வசதிகளைப் பற்றிய தகவலையும் மறைக்கக் கூடாது! பயண உரிமையை 62.4 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள்.

சகோதரிகளே, இந்த முடிவைச் சற்று நின்று சிந்தியுங்கள். ஒரு செயல் கொலைக்கு நிகர் என்று உண்மையிலேயே நம்பும் சமுதாயம், "அதை அடுத்த நாட்டில் போய்ச் செய்துகொள்" என்று கதவைத் திறந்து விடுமா? அது தவறில்லை என்று நம்புமானால், துன்பத்தில் இருப்பவளைக் கடல் தாண்டச் சொல்லுமா? என் மாணவியின் கேள்விக்கு ஒரு நாடே சேர்ந்து அளித்த பதில் இது. எங்கள் மண்ணில் நடக்காதவரை எங்களுக்குக் கவலையில்லை என்பதே அதன் பொருள்.

கப்பல் ஏற வசதி உள்ளவள் ஏறினாள். வசதியற்றவள் என்ன செய்வாள்? பயணச் செலவு, மருத்துவமனைக் கட்டணம், விடுப்பு, வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 2014ஆம் ஆண்டு அடைக்கலம் தேடி அயர்லாந்துக்கு வந்த ஓர் இளம்பெண், தான் கற்பழிக்கப்பட்டுக் கருவுற்றிருப்பதை அங்கு வந்த பிறகே அறிந்தாள். வெளிநாடு செல்ல அவளுக்கு வழி கிட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்கு ஆளானாள். இறுதியில் அறுவை சிகிச்சை செய்து குறைமாதக் குழந்தையை எடுத்தார்கள். சட்டத்தின் முழுச் சுமையும் ஏழை மீதும், நோயாளி மீதும், நாடற்றவள் மீதும் விழுந்தது.

சவிதா

2012ஆம் ஆண்டு நடந்ததை நம்மில் பலரும் செய்தித்தாள்களில் படித்திருப்போம். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் பிறந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர். வயது 31. கணவருடன் அயர்லாந்தின் கால்வே நகரில் வாழ்ந்து வந்தார். தலைப்பிள்ளையை ஆவலோடு எதிர்பார்த்திருந்த தாய். பதினேழாம் வாரத்தில் அக்டோபர் 21 அன்று வலியோடு மருத்துவமனைக்குச் சென்றார். பனிக்குடம் உடைந்தது. குழந்தை பிழைக்காது என்பதை மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள். "பிழைக்காது என்றால் கருவை எடுத்துவிடுங்கள்" என்று அவர் கேட்டுக் கொண்டார். கருவின் இதயம் இன்னும் துடிக்கிறது, ஆகவே சட்டம் இடம் தராது என்று மறுத்து விட்டார்கள். துடிப்பு நிற்கும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் கிருமித் தொற்று இரத்தத்தில் பரவிவிட்டது. அக்டோபர் 28 அன்று சவிதா இறந்து போனார்.

அவருக்குக் கடல் கடக்க வசதி இருந்திருக்கலாம். ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் வலியோடு கிடப்பவள் எந்தக் கப்பலில் ஏறுவாள்? அவர் பிறந்த நாட்டில் 1971ஆம் ஆண்டே அதற்குச் சட்டம் இருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அவருடைய மரணத்தை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். 2013ஆம் ஆண்டு வெளிவந்த அக்குழுவின் அறிக்கை இரண்டு குறைகளையும் மறைக்காமல் சுட்டிக் காட்டியது. நோயாளியை உரிய முறையில் கண்காணிக்கவில்லை என்பது ஒன்று. கருவின் இதயத் துடிப்பு நிற்கும்வரை தலையிடக் கூடாது என்ற எண்ணத்திலேயே நின்றுவிட்டார்கள், அதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பது மற்றொன்று.

பிற மதத்தாரைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த மருத்துவமனையில் இருந்தவர்கள் கொடியவர்கள் என்றும் நான் கருதவில்லை. சட்டத்துக்கு அஞ்சி நின்றவர்கள், எதிரே படுத்திருந்தவளைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். இத்தகைய தவறு எந்தச் சமுதாயத்திலும் நிகழக் கூடியதே. நம்மிலும் நிகழ்ந்திருக்கிறது.

கேட்டிருக்கக் கூடாதா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணத்தில் இருந்த ஒருவருக்குத் தலையில் காயம் பட்டிருந்தது. அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லி விட்டார்கள். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தி அண்ணலாரின் செவிக்கு எட்டியபோது அவர்கள் கடும் கோபமுற்றார்கள். அந்த மனிதரைக் கொன்றதே இவர்கள்தாம் என்று சொன்னார்கள். தெரியாத நிலையில் கேட்டறிந்திருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்று கண்டித்தார்கள்.

பேணுதலாக இருக்கிறோம் என்று நினைத்துச் சொல்லப்பட்ட ஒரு சொல் ஓர் உயிரைக் குடித்தது! இந்த ஹதீஸை எத்தனையோ முறை மாணவிகளுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். அது என்னைப் பற்றியதும்தான் என்று உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நான் கற்பிக்கத் தொடங்கிய புதிதில், எங்கள் வாராந்தரப் பெண்கள் பயானுக்குத் தவறாமல் வரும் ஒரு சகோதரி இருந்தார். அவருடைய பெயரையும் தெருவையும் சொல்ல மாட்டேன். நான்கு பிள்ளைகளின் தாய். கணவர் வளைகுடா நாட்டில் கூலி வேலை செய்து வந்தார். கைக்குழந்தைக்கு ஏழு மாதம். கணவர் விடுமுறையில் வந்து சென்ற பின், மீண்டும் கருவுற்றிருப்பது அவருக்குத் தெரிய வந்தது.

ஒரு நாள் மாலை, எல்லோரும் கலைந்து சென்ற பிறகு, மதரஸாவின் வாசற்படி அருகே தயங்கி நின்றார். "ஆலிமா, இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. அதற்குள் என்றால்..." என்று தொடங்கினார்.

நான் அவரை முடிக்க விடவில்லை. "ஹராம்! அல்லாஹ்வைப் பயந்து கொள்ளுங்கள். ரிஸ்க் கொடுப்பவன் அவன்" என்றேன். என் குரலில் இருந்த உறுதியைக் கண்டு எனக்கே பெருமையாக இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் "சொந்தக்காரர் வீட்டுக்கு"ப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரவுப் பேருந்தில், துணையின்றி ஒரு தொலைதூர ஊருக்குப் போயிருக்கிறார். மருத்துவம் படிக்காத ஒருத்தியிடம் கருவைக் கலைத்துக்கொண்டு, திரும்பும் வழியெல்லாம் இரத்தம் பெருக வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அடுத்த வீட்டு மாமி பார்த்துவிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிராவிட்டால் நான்கு பிள்ளைகள் தாயற்றவர்களாகியிருப்பார்கள். அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார். அதன் பிறகு எங்கள் பயானுக்கு அவர் வரவேயில்லை. ஜன்னல் ஓரமாக அவர் வழக்கமாக அமரும் பாய் பல வாரங்கள் காலியாகவே கிடந்தது.

அவர் சொல்ல வந்ததைப் பின்னர் அந்த மாமியின் வாயிலாகவே அறிந்தேன். இரத்தச் சோகையால் அவர் முன்பே மெலிந்திருந்தார். மீண்டும் கருவுற்றதும் தாய்ப்பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை பசியால் அழுதது. புட்டிப்பால் வாங்கக் கையில் காசில்லை. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் வந்திருக்கிறார்.

நூல்களில் இருந்தது

என் தலையைக் கவிழச் செய்த செய்தி இனிமேல்தான் வருகிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு, கரு சம்பந்தமான சட்டங்களை முறையாகப் படிக்க அமர்ந்தேன். ஆன்மா ஊதப்படுவதற்கு முந்தைய காலத்தைப் பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பது நான் அறிந்ததே. மாலிக்கி மத்ஹபு அறிஞர்கள் பெரும்பாலும் தொடக்கம் முதலே தடுப்பார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், கருவை அழிப்பது குற்றமே என்றும், ஒவ்வொரு நிலையைக் கடக்கும்போதும் அக்குற்றத்தின் கடுமை கூடுகிறது என்றும் இஹ்யாவில் விளக்கியிருக்கிறார்கள். ஹனஃபி அறிஞர்களில் ஒரு சாரார், தக்க காரணம் இருந்தால் 120 நாட்களுக்கு முன் இடமுண்டு என்பார்கள். அந்தத் தக்க காரணத்துக்கு திமிஷ்க் நகரத்துப் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் நூலில் காணப்படும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? பாலூட்டும் தாய் ஒருத்தி கருவுற்று, அதனால் பால் வற்றிவிடுகிறது. செவிலித்தாயை அமர்த்தத் தந்தைக்கு வசதியில்லை. கைக்குழந்தை இறந்துவிடுமோ என்ற அச்சம் ஏற்படுகிறது!

என் வாசற்படியில் நின்ற சகோதரியின் வழக்கு அப்படியே அந்த நூலில் இருந்தது. நூல் எங்கள் மதரஸாவின் அலமாரியில் இருந்தது. இல்லாமற் போனது என் செவி மட்டுமே.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். இது ஃபத்வா அன்று. ஒருவருடைய நிலையை முழுமையாகக் கேட்டறிந்து தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, தகுதி வாய்ந்த முஃப்திகளுடையது. கருவுயிர் மலிவானது என்றும் நான் சொல்லவில்லை. பெண் குழந்தை என்று தெரிந்ததும் கலைக்கும் கொடுமையைத் தடுக்க 1994ஆம் ஆண்டு நம் நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் மகவிடம் மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருக்குர்ஆனில் ஓதும் நாம், அத்தகைய செயலை எந்தப் பெயரிட்டும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் நம் இமாம்கள், எத்தனை நாள் ஆயிற்று, தாயின் உடல் எப்படி இருக்கிறது, மடியிலுள்ள பிள்ளையின் நிலை என்ன என்றெல்லாம் கேட்டுக் கேட்டுச் சட்டம் வகுத்தார்கள். 1990ஆம் ஆண்டு மக்காவில் கூடிய ஃபிக்ஹு மன்றமும், 120 நாட்களுக்குப் பின்னரும்கூடத் தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து என்று மருத்துவக் குழு சொன்னால் அவளைக் காப்பாற்ற இடமுண்டு என்று முடிவு செய்தது. சவிதா நம் ஃபிக்ஹின் முன் நின்றிருந்தால், அவருக்காகப் பேச அதில் இடமிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அயர்லாந்தில் சட்டம் கதவை மூடியது. நம் நாட்டில் 1971 முதலே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தாயின் உயிருக்கோ உடல் மன நலத்துக்கோ ஆபத்து என்றால், தகுதி பெற்ற மருத்துவர், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில், வயது வந்த பெண்ணின் சம்மதத்தோடு சிகிச்சை அளிக்கலாம். அந்தச் சகோதரி முதலில் அரசு மருத்துவமனைக்கே போயிருக்கலாம். நோய்க்கு மருத்துவமும் கிடைத்திருக்கும், நல்ல ஆலோசனையும் கிடைத்திருக்கும். ஒருவேளை அந்தக் கருவும் தங்கியிருக்கலாம். அவரை இரவுப் பேருந்தில் ஏற்றியது நாட்டுச் சட்டமன்று. வெட்கமும், வறுமையும், என் நாவும்.

திரும்பி வந்த பயணம்

அயர்லாந்து மக்கள் 2018ஆம் ஆண்டு மே 25 அன்று மீண்டும் வாக்களித்தார்கள். இம்முறை எட்டாவது திருத்தத்தை நீக்குவதா என்பது கேள்வி. உலகின் பல பாகங்களில் வேலை பார்த்து வந்த அயர்லாந்துக்காரர்கள் இந்த வாக்கெடுப்புக்காகவே விமானங்களிலும் கப்பல்களிலும் தாயகம் திரும்பினார்கள். கண்ணீரோடு பெண்கள் வெளியேறிய துறைமுகங்கள் வழியே அன்று பலர் வாக்குச்சீட்டைத் தேடி உள்ளே வந்தார்கள். 66.4 விழுக்காட்டினர் திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள். 35 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே மூன்றில் இரு பங்கினர்தாம் அதைச் சேர்த்தவர்கள்! டப்ளின் நகரச் சுவர் ஒன்றில் வரையப்பட்டிருந்த சவிதாவின் முகத்துக்குக் கீழே மக்கள் மலர் வைத்தார்கள். மன்னிப்புக் கேட்டுச் சீட்டுகள் எழுதி ஒட்டினார்கள்.

2019 ஜனவரி முதல் அங்கு நடைமுறைக்கு வந்த சட்டம், பன்னிரண்டு வாரம் வரை காரணம் கேளாமலே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அந்த அளவுக்கு நம் மார்க்கம் உடன்படாது, நானும் உடன்படவில்லை. அயர்லாந்து ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்குச் சென்றுவிட்டது என்றே கருதுகிறேன். ஆனால் 2018இல் இங்கிலாந்தில் அயர்லாந்து முகவரி கொடுத்த பெண்கள் 2,879 பேர், 2019இல் 375 பேர் என்ற கணக்கைப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. முன்பு கடல் கடந்து சென்ற துன்பம் வீட்டுக்குள்ளேயே இருந்ததுதான். கண்ணுக்குத் தெரியாமற் போனதை நடக்கவில்லை என்று அச்சமுதாயம் எண்ணிக் கொண்டது, அவ்வளவே.

சென்ற ரமளான் மாதத்தில் அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்றேன். இத்தனை ஆண்டுகளாகச் செல்லாததற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இஃப்தாருக்காக வடித்திருந்த கஞ்சியில் ஒரு கிண்ணம் எனக்கும் ஊற்றி வைத்தார். அன்று கைக்குழந்தையாக இருந்த பையன் வளர்ந்து, பள்ளிச் சீருடையோடு உள்ளே வந்து ஸலாம் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: "நீங்கள் கூடாது என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, ஆலிமா. என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அடுத்த வகுப்பில் அந்த மாணவியை எழுப்பி, "அன்று உனக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன்" என்றேன். கப்பல் ஏறினால் ஹராம் ஹலாலாகாது என்பது அந்தப் பாதி. அவள் கப்பல் ஏறும் நிலைக்கு ஏன் ஆளானாள் என்று கேளாமல் கரையில் நின்றவர்களும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்பது மறு பாதி. இப்போது எங்கள் மதரஸாவில் மாதம் ஒரு முறை ஒரு பெண் மருத்துவர் வந்து அமர்கிறார். மார்க்கக் கேள்வியோடு வரும் பெண்களை முதலில் உட்கார வைத்து, முழுவதும் கேட்ட பிறகே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை முஃப்தியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கருவறையில் உள்ள உயிருக்கும், அதைச் சுமக்கும் தாய்க்கும் இரங்கும் நெஞ்சையும், தீர்ப்புச் சொல்லுமுன் கேட்கும் செவியையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.